பச்சைப் பயிரும் பாதி நெய்த சேலையும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

ஒரு கிராமத்தின் பொருளாதார நிலையை ஆராயப் புகுவோர் வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்பார்கள். நஞ்சை எத்தனை ஏக்கர்? புஞ்சை எத்தனை? தறிகள் எத்தனை? ஓட்டு வீடுகள் எத்தனை, கூரை வீடுகள் எத்தனை? இக்கேள்விகள் யாவும் அவசியமானவையே. ஆயினும் கூட்டுறவு இலாகாவில் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று கணக்குப் பார்த்த பின், இவற்றோடு வேறொரு கேள்வியையும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. "இவ்வூரார் தம் பொருளை எப்போது விற்கிறார்கள்?" என்பதே அது. விளைந்த பின்பா, விளையுமுன்பா? நெய்து முடித்த பின்பா, பாவு ஓட்டும்போதேயா? இதற்குக் கிடைக்கும் விடையிலிருந்து அவ்வூரின் வாழ்க்கைத்தரத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

நீர்வளம்

நம் பகுதிக்கு இயற்கை குறை வைக்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது; வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் மிகுதியாகப் போய்த் தஞ்சைப் பாசனம் கெட்டதால், 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் அங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் பாசனத்துக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. அந்த மேலணையிலேயே கொள்ளிடக் கதவுகள் ஒன்பது 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கட்டுமானம் எவ்வளவு பழமையும் பெருமையும் உடையதாயினும், பராமரிப்பு இல்லையேல் நிலைக்காது. சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் செழிக்கின்றன. எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் மல்லிகை பயிராகி ஸ்ரீரங்கத்துப் பூச்சந்தைக்கு வருகிறது. வாழை ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய நிலையம் 1993-இல் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்டது. மண்ணும் நீரும் சந்தையும் இருந்தும் குடியானவர் வீட்டில் கடன் தீராதிருப்பதேன்?

வாழைக் கணக்கு

வாழை ஏறக்குறைய ஓராண்டுப் பயிர். கன்று நடுதல், மண் அணைத்தல், உரமிடுதல், முட்டுக் கொடுத்தல் எனச் செலவு முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது; வரவு கடைசியில்தான். இந்த இடைவெளியில் மண்டிக்காரர் முன்பணம் தருகிறார். "வட்டி வேண்டாம், காயை மட்டும் நம் மண்டிக்கே போடும்" என்கிறார். கேட்பதற்கு இனிமையான சொல். கணக்கிட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை.

நூறு குலை; சந்தை விலை குலைக்கு 300 ரூபாய். கடனில்லாத குடியானவர் 30,000 ரூபாய்க்கு விற்று, நூற்றுக்கு 5 கமிஷன் போக 28,500 ரூபாய் பெறுகிறார். பத்து மாதத்துக்கு முன் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கியவருக்குக் குலைக்கு 270 ரூபாயே விலை. கமிஷனோ நூற்றுக்கு 10. அவருக்குச் சேருவது 24,300 ரூபாய். வித்தியாசம் 4,200 ரூபாய். 15,000 ரூபாய்க்குப் பத்து மாதத்தில் இது நூற்றுக்கு 28. ஆண்டுக்கு 33 ரூபாய் 60 காசு. வட்டியே இல்லாத கடனின் வட்டி இவ்வளவு!

முன்னாளில் ஐக்கிய நாணயச் சங்கம் என வழங்கிய சங்கத்தில், இன்று பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியே கிடையாது. 2009 முதல் தமிழ்நாட்டில் இச்சலுகை உண்டு. அப்படியிருந்தும் மக்கள் மண்டியை நாடுவதை அறியாமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடலாகாது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குப் பயிரிடுவோர் நம்மிடையே பலர். அவர்கள் கையில் சங்கம் கேட்கும் பத்திரங்கள் இருப்பதில்லை. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் சங்கத்தின் கதவு பூட்டியிருக்கும்; மண்டிக்காரர் வீட்டுக் கதவு திறக்கும். இந்த உண்மையை ஒப்புக்கொண்டபின்தான் பரிகாரம் தேடமுடியும்.

தறியின் கணக்கு

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பொன்று 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்று வரலாற்றறிஞர் கருதுவர். உறையூர்ப் பருத்திச் சேலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முசிறிக்கு அருகே மணமேட்டிலும் இச்சேலை நெய்யப்படுகிறது.

பெயர் பெரிது, நெய்பவர் வீடோ சிறிது. பல வீடுகளில் குழித்தறி இருக்கும் அறையே குடும்பம் படுக்கும் அறையும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரித்து ஆற்ற முடியாது, வேலை நின்றுவிடும். ஆனால் அடுப்பு நிற்காதன்றோ? அப்போது ஜவுளி முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். அது தீரும்வரை அத்தறி அவருடைய தறி. தார் சுற்றும் மனைவிக்கும் மகளுக்கும் தனிக் கூலி இல்லை. இன்னும் நெய்யாத சேலைக்கு விலை முன்னமே தீர்ந்துவிட்டது.

வாழைக் குடியானவரும் நெசவாளரும் வெவ்வேறு தெருவினராயினும் ஒரே நோயால் வாடுகிறார்கள் என்பதை அங்கத்தினர்கள் இப்போது கண்டிருப்பார்கள்.

கடல் கடந்த ஒரு சொல்

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜாவாத் தீவும் நெல் விளையும் பூமி. எரிமலைச் சாம்பலால் மண் கொழுத்தது. வயலுக்கு வயல் நீர் பாயும். வீட்டைச் சுற்றி வாழையும் தென்னையும் நிற்கும். மக்கள் நெருக்கத்தால் நிலம் துண்டு துண்டாகிவிட்டது. ஜாவா மொழியில் பச்சை நிறத்துக்கு 'இஜோ' என்று பெயர். பயிர் பச்சையாய் நிற்கும்போதே முன்பணம் வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவதை அச்சொல்லின் அடியாக 'இஜோன்' என்கிறார்கள். நம் வழக்கத்துக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, வேற்றுமை அவ்வளவுதான்.

அந்நாட்டில் 'பாத்திக்' என்னும் மெழுகுச் சாயத்துணி செய்வோரின் கூட்டுறவுகள் 1948-இல் ஒன்று சேர்ந்து ஒரு சம்மேளனம் அமைத்தன. அத்தொழிலுக்கு வேண்டிய வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து பங்கிடும் உரிமையை 1950-களில் அரசாங்கம் அதற்கு அளித்தது. அங்கத்தினர் பெருகினர்; செல்வமும் பெருகிற்று. 1960-களின் பிற்பகுதியில் அரசாங்கக் கொள்கை மாறி, உரிமை போயிற்று. சலுகைத் துணிக்காக மட்டுமே நிலைத்திருந்த பல சங்கங்கள் தளர்ந்தன.

நம் சங்கங்களுக்கு எச்சரிக்கை

இதைப் படித்தபோது நான் தணிக்கை செய்த ஒரு நெசவாளர் சங்கம் நினைவுக்கு வந்தது. இருப்புப் புத்தகத்தில் சேலைகள் சரியாகவே இருந்தன, அறையிலும் இருந்தன. தள்ளுபடிக் காலத்தில் விற்றுவிடலாம் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கத்தினர் கூலியோ இரண்டு மாதமாகப் பாக்கி. "கணக்கில் தவறில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வெளியே வரும்போது ஒரு முதிய அங்கத்தினர், "ஐயா, கணக்கு சரி, எங்கள் தறி இப்போது முதலாளியிடம் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது என் புத்தகத்தில் எந்தக் கலத்திலும் அடங்கவில்லை. அன்று முதல், கூலி எத்தனை நாளில் பட்டுவாடா ஆயிற்று என்பதையே முதலில் பார்த்து வருகிறேன்.

சங்கத்தின் முதற்கடமை, அங்கத்தினருக்குக் காத்திருக்கும் சக்தியை அளிப்பது. காத்திருத்தல் என்றால் பதுக்கி வைத்தல் என்று பொருள் கொள்ளலாகாது. மல்லிகை அன்றே வாடும். வெட்டிய வாழை சில நாளில் பழுக்கும். விற்கும் நாளில் வாங்குவோரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்தரமே நாம் குறிப்பது. அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, சிறுகடன்: நோய்க்கும் மழைக்காலத்துக்கும் உடனே எடுத்துக் கொடுக்கும்படி, அங்கத்தினர் சேமிப்பிலிருந்தே ஒரு நிதி ஒதுக்கப்படவேண்டும். இரண்டாவது, காலந்தவறாக் கூலி. மூன்றாவது, சொந்த விற்பனை: 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நமக்குத் துணை, ஆனால் அதையும் தள்ளுபடியையும் மட்டும் நம்பியிருக்கும் சங்கம், ஜாவாவின் சங்கங்கள் பட்ட பாட்டைப் படும். திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் நாள்தோறும் வந்து போகும் யாத்திரிகர்கள் நம் வாசலில் நிற்கும் சந்தை.

இம்மூன்றில் முதலாவதை அங்கத்தினர்களே தொடங்கலாம், உத்தரவுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு சிறு தொகை, தவறாமல். பயிர் பச்சையாய் இருக்கும்போது அது நம்முடையதாகவே இருக்கட்டும்.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. சென்ற ஆண்டு உங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள் பொருள் கைக்கு வருமுன் முன்பணம் பெற்றன? எக்காரணத்துக்காக?
2. மேலே காட்டிய முறையில் உங்கள் முன்பணத்தின் உண்மை வட்டியைக் கணக்கிடுக.
3. குத்தகைதாரருக்குச் சங்கக் கடன் கிடைக்கத் தடையாயுள்ளவை யாவை? அவற்றுள் மகாசபை தானே நீக்கக்கூடியவை எவை?
4. அரசாங்கச் சலுகை ஓராண்டு நின்றுபோனால், உங்கள் சங்கம் எத்தனை மாதம் கூலி கொடுக்க இயலும்?