நான்கு வாக்குச் சீட்டுகள்

காங்கேயம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த சிவன்மலை, படியூர், நத்தக்காடையூர், பரஞ்சேர்வழி முதலிய ஊர்களில் வாழும் வாக்காளர் சட்டசபைத் தேர்தலில் ஒரு வாக்கு அளிக்கிறார். பாராளுமன்றத் தேர்தலிலும் ஒரு வாக்கே அளிக்கிறார். ஊராட்சித் தேர்தலிலோ ஒரே நாளில், ஒரே சாவடியில், நான்கு வாக்குகள் அளிக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் இரு கட்டமாக நடைபெற்ற தேர்தலில் இந்நான்கு சீட்டுகளும் நான்கு நிறங்களில் அச்சிடப்பட்டிருந்தன. கிராம ஊராட்சி வார்டு அங்கத்தினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரு வார்டுகள் சேர்ந்தால் ஒன்றுக்கு நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஊராட்சி ஒன்றிய அங்கத்தினருக்குப் பச்சை. மாவட்ட ஊராட்சி அங்கத்தினருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சிச் சார்பற்றவை. பின்னிரண்டும் கட்சிச் சின்னங்களோடு வருபவை.

சட்டசபைத் தேர்தலில் பொத்தானை அழுத்தியே பழகிப்போன இளைஞர்களுக்கு, முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் இடும் இம்முறை புதுமையாகத் தோன்றும். முத்திரை ஒரே ஒரு வேட்பாளரின் சின்னத்தின்மீது விழ வேண்டும். இரண்டு சின்னங்கள்மீது விழுந்தாலும், எவருக்கென்று அறிய இயலாவண்ணம் நடுக்கோட்டில் விழுந்தாலும், வாக்கு செல்லாது. சிறு வார்டுகளில் ஒன்றிரண்டு வாக்குகளில் வெற்றி தோல்வி தீர்மானமாவது உண்டு. ஆதலின் செல்லாத சீட்டு ஒன்றும் அற்பமானதன்று.

வெள்ளைச் சீட்டின் மதிப்பு

நான்கினுள் மக்கள் மிகக் குறைவாக மதிப்பது வெள்ளைச் சீட்டே. தலைவர் யார் என்பதைப் பற்றி ஊரெங்கும் பேச்சு நடக்கும். வார்டு அங்கத்தினரைப் பற்றியோ, “பக்கத்து வீட்டுக்காரர்தானே, யாராயிருந்தால் என்ன?” என்று விட்டுவிடுவர். இது பெரும் பிழை. ஊராட்சியின் துணைத் தலைவரை வாக்காளர் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு அங்கத்தினர்களே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தலைவர் ஒருவரே நினைத்தபடி செலவு செய்ய இயலாது. துணைத் தலைவர் மறுத்தால் பணம் நகராது. இவ்வேற்பாடு காவலாகவும் அமையலாம், முட்டுக்கட்டையாகவும் அமையலாம். எதுவாக அமையும் என்பதை முடிவு செய்வது யாரும் பொருட்படுத்தாத அந்த வெள்ளைச் சீட்டுத்தான்.

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, சிற்றூர்ச் சாலை, மயானம் ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. வீட்டு வரியும் தொழில் வரியும் அதன் வருவாய். மழை குறைந்த காங்கேயம் பகுதியில், கொறங்காட்டு மேய்ச்சலையும் கிணற்றையும் நம்பி வாழும் ஊர்களில், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்பது வீண் கேள்வியன்று. அக்கேள்விக்கு விடை கூறுபவர் சென்னையில் இல்லை; உங்கள் வார்டில் இருக்கிறார்.

வந்த வழி

ஊராட்சியைப் பற்றி எழுதுவோர் யாவரும் உத்தரமேரூரில் தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெருமைக்குரியவையே. எனினும் அவ்வூர் பிரமதேயம். அங்கே நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உடையோர் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. பெண்ணுக்கோ உழவுக் கூலிக்கோ அதில் இடமில்லை. ஆயினும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியர் அல்லர் என்பது அது. கொங்கு நாட்டிலும் இருபத்து நான்கு நாடுகள் என்ற பிரிவு இருந்தது. காங்கேய நாடு அவற்றுள் ஒன்று. நாட்டாரும் பட்டக்காரரும் கூடி முடிவு செய்தனர். மற்றோர் கேட்டு நடந்தனர்.

வாக்கினால் தேர்ந்தெடுக்கும் ஸ்தல ஸ்தாபனம் பிற்காலத்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம் அதற்கு வித்திட்டது. 1920, 1950 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் மாநிலம் முழுதும் 374 பஞ்சாயத்து ஒன்றியங்கள் அமைந்தன. அம்முறையில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களே ஒன்றியத்தின் அங்கத்தினர்கள். இன்று ஒன்றியத்துக்கெனத் தனிச் சீட்டு உண்டு, அன்று இல்லை. பழைய முறையில் ஊர்த் தலைவர் ஒன்றியத்தில் அமர்ந்து தம் ஊருக்காக நேரே வாதாட முடிந்தது. இன்றைய முறையில் அது இல்லாமற்போனது இழப்பே என்பது என் கருத்து.

1970க்குப் பின் 1986 வரை தேர்தல் நடக்கவில்லை. 1991இல் பதவிக்காலம் முடிந்த பின்னும் ஐந்தாண்டுகள் வெறுமையாகக் கழிந்தன. இந்நிலையை மாற்றுவதற்கே அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் வந்தது. அது 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதையொட்டி எழுந்தது. 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் முறையாகத் தேர்தல் நடைபெற்றது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் நிர்வாகமே நீடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஒரு பாடம்

நமக்கு ஸ்தல சுயாட்சியைப் போதித்த இங்கிலாந்தின் நிலை என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். அங்கே 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாரிஷ் மன்றங்களும், அவற்றுக்கு மேலே நகர்ப்புற, நாட்டுப்புற வட்டார மன்றங்களும் உண்டாயின. பாரிஷ் என்பதை நம் கிராம ஊராட்சிக்கும், வட்டார மன்றத்தை நம் ஒன்றியத்துக்கும் ஒருவாறு ஒப்பிடலாம். 1894 டிசம்பரில் நடந்த முதல் பாரிஷ் தேர்தலில் ஊரார் ஒரு கூடத்தில் கூடிக் கைதூக்கி வாக்களித்தனர். எவரேனும் கோரினால்தான் சீட்டு முறையில் வாக்கெடுப்பு நடக்கும். பாராளுமன்றத் தேர்தலுக்கு 1872ஆம் ஆண்டிலேயே இரகசிய வாக்கு வந்துவிட்டது. கிராமத்துக்கு மட்டும் இது போதும் என்று கருதினர். நிலக்கிழார் முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பண்ணையாள் எவருக்குக் கை தூக்குவான்?

இன்று அங்கே இரகசியத்துக்குக் குறைவில்லை, வாக்காளருக்குத்தான் குறைவு. இங்கிலாந்தின் வட்டார மன்றத் தேர்தல்களில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கினரே வாக்களிக்கின்றனர். பாரிஷ் மன்றங்களில் இடங்களுக்குப் போதிய ஆள் வராமல், இருக்கும் அங்கத்தினரே மற்றவரைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலிலோ நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் வாக்களித்தனர். இவ்விஷயத்தில் ஆசிரியரை மாணவன் விஞ்சிவிட்டான்.

நம் ஊர்களில் ஆபத்து வேறு வகையானது. ஒரு வார்டில் சில நூறு வாக்குகளே இருக்கும். எந்தத் தெரு எவருக்குப் போட்டது என்பதை எண்ணிக்கை முடிந்தவுடன் ஊகித்துவிடலாம். காட்டு வேலையும், ஆலை வேலையும், அவசரக் கடனும் ஒரே வீட்டாரிடமிருந்து வரும் ஊரில், வாக்குச் சாவடியின் மறைப்புத் தட்டி மட்டும் ஏழைக்கு முழுக் காப்பாகாது. தாம் அளித்த வாக்கை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதையும், சத்தியம் வாங்குவோருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதையும் ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தோர் எடுத்துரைக்க வேண்டும். சிவன்மலை ஆண்டவர் கோயிலில் உத்தரவுப் பெட்டி என ஒன்று உண்டு. பக்தர் ஒருவர் கனவில் உத்தரவான பொருள், பூக்கேட்டு உறுதி செய்யப்பட்டு, அதில் வைக்கப்படும். அதைக் கண்டு நாட்டு நடப்பைக் கணிப்பவர் பலர். அந்தப் பெட்டியில் இருப்பதை யாவரும் காணலாம்; வாக்குப் பெட்டியில் இட்டதை இட்டவரன்றி வேறெவரும் அறியலாகாது.

போட்டியின்மை

2019இல் மாநிலத்தில் 18,000க்கும் மேற்பட்டோர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; அவருள் மிகப் பெரும்பாலோர் வார்டு அங்கத்தினர். ஊர் ஒற்றுமையாக ஒருவரைத் தேர்ந்தால் அதில் குற்றமென்ன என்பர். மனமொத்துத் தேர்ந்தால் குற்றமில்லை. ஆனால் கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன் என்பவருக்குத் தலைமையை ஏலம் விடுவது மனமொப்புதல் அன்று, விற்பனை. விலை கொடுத்து வாங்கியவர் அவ்விலையை எங்கிருந்து மீட்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். போட்டியிட விரும்பும் ஏழையைத் தடுப்பதற்குச் செலவு ஒரு காரணமாகாது. 2019இல் வார்டு அங்கத்தினர் பதவிக்கான வைப்புத் தொகை 200 ரூபாய். ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாயே. தலைவர் பதவிக்கு முறையே 600, 300. வார்டு வேட்பாளர் செய்யக்கூடிய தேர்தல் செலவின் உச்ச வரம்பு 9,000 ரூபாய். தலைவருக்கு 34,000 ரூபாய். (அளவுக்கு மீறிய போட்டியையும் கொங்கு நாடு கண்டதுண்டு. 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றனர். வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாயிற்று!)

போட்டியின்மையின் கொடிய வடிவத்தை மதுரை மாவட்டத்தில் கண்டோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் 1996இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே தேர்தல் ஒழுங்காக நடைபெற முடியவில்லை, 2006இல்தான் நடைபெற்றது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, உடன் இருந்த ஐவரோடு, வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் வேட்பு மனுவைத் தாக்கல் செய்து வெற்றி பெற்றது ஒன்றே. இவையெல்லாம் தென்மாவட்டக் கதை என்று கொங்கு நாட்டார் ஒதுங்கிவிட இயலாது. ஒதுக்கீட்டில் வந்த தலைவருக்கு நாற்காலி கொடுக்காமலும், தேசியக் கொடி ஏற்ற விடாமலும் செய்வது மாநிலத்தில் பல இடங்களில் நடந்ததாலன்றோ, 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலரே இது பற்றிக் கடிதம் எழுத நேர்ந்தது?

மகளிருக்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு இருந்த ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. தலைவி கையொப்பமிட, கணவர் ஆள்வது பற்றிய கேலிப் பேச்சு எங்கும் உண்டு. கேலி செய்வோர் கிராம சபைக்கு வந்து, தலைவியைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அவரே விடை சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவ்வழக்கம் விரைவில் ஒழியும். குடியரசு நாள், உழைப்பாளர் நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் பின்னர் கிராம சபைக்கென வகுக்கப்பட்டன. வரவு செலவை அங்கே கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. காங்கேயம் ஒன்றியத்திலும் நிர்வாகம் மீண்டும் தனி அலுவலரிடம் சென்றது. அலுவலர் எத்துணை நல்லவராயினும் பல ஊராட்சிகளை ஒருங்கே பார்ப்பவர். குழாயில் தண்ணீர் வராத தெருவின் பெயர் அவருக்கு ஏட்டில்தான் தெரியும்.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை வாக்காளர் செய்துகொள்ள வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனியே வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுப்பதில்லை. சட்டசபைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலையே வார்டு வார்டாகப் பிரித்து அமைக்கின்றனர். ஆதலின் முதலில் சட்டசபைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பின்னர் வார்டுப் பட்டியல் வெளியாகும்போது, தம் பெயர் தாம் குடியிருக்கும் தெருவுக்குரிய வார்டிலேயே உள்ளதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்து வீடுகளிலும், ஊரைவிட்டு விலகிய காலனிகளிலும் வாழ்வோரின் பெயர்கள் வேறு வார்டுக்கு மாறிப்போகாதபடி கவனிப்பது இன்றியமையாதது. பிழை கண்டால் தேர்தலுக்கு முன்பே ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அதற்கு ஒப்புகைச் சீட்டும் பெற்றுக்கொள்க.