அரளி வளர்ப்பும் அதன் அபாயமும்

அரளி அதிகம் தண்ணீர் கேட்பதில்லை, ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், மாடு கடிக்காது. இம்மூன்று குணங்களை உத்தேசித்தே வீட்டு வேலி, நந்தவனம், சாலையின் நடுத்திட்டு என எங்கும் அதனை நடுகின்றனர். இவற்றுள் மூன்றாவதை மட்டும் முழுதும் நம்பலாகாது.

நடவு எளிது. முற்றிய கிளையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான துண்டு வெட்டி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ஓரடிக் குழியில் மக்கிய தொழு உரமிட்டு, 6 அடி இடைவெளியில் நட வேண்டும். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குமுன் செடி நிலைபெறும். பாகூர் ஏரிப் பாசனத்துக் களிமண் நிலமாயின் மேடு கட்டி நடுவது நன்று. செடி வறட்சியைத் தாங்கும், நெடுநாள் தேங்கிய நீரில் நலியும். கடலோரக் குப்பங்களின் உப்புக்காற்றும் அதற்குப் பொருட்டன்று. மாலைக்கு ஒற்றையரளி உகந்தது. அடுக்கரளி பார்வைக்கு அழகு. இளந்தளிரின் நுனியிலேயே பூ வருமாதலால், ஆண்டுக்கொருமுறை கவாத்து அவசியம்.

அபாயம் தொடங்குவதும் இக்கவாத்தில்தான். பச்சை இலை கசப்பதால் மாடு பெரும்பாலும் தீண்டாது. வெட்டிப்போட்ட கிளை வாடிக் காய்ந்த பின்னரோ, நஞ்சு அப்படியே இருக்கும். காய்ந்த இலை புல்லோடும் வைக்கோலோடும் கலந்துவிட்டால் மாடு அறியாது தின்றுவிடும். வேர், பட்டை, இலை, பூ யாவற்றிலும் உள்ள ஓலியாண்ட்ரின் முதலிய நச்சுகள் இதயத் துடிப்பைக் குலைப்பவை. சிறிதளவு இலையே கறவை மாட்டின் உயிரைப் போக்கப் போதுமானது.

மனிதருக்கும் இதே கதிதான். கேரளத்தில் 2024ஆம் ஆண்டு அரளியை மென்றதாகக் கூறப்பட்ட இளம்பெண் ஒருவர் இறந்தார். அதன்பின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. வில்லியனூர், பாகூர்ச் சிவாலயங்களுக்குப் பூ அளிப்போரும் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும். மாலையாகச் சாத்துவது வேறு; உண்ணும் பொருளோடு சேர்ப்பது வேறு.

ஆகவே கொம்யூன் நிர்வாகத்தினர் முதலில் இடத்தைக் கவனிக்க வேண்டும். மாட்டுத் தொழுவம், வைக்கோற்போர், மேய்ச்சல் பாதை, அங்கன்வாடி, பள்ளி முற்றம் ஆகியவற்றினருகில் அரளி வேண்டாம். அங்கெல்லாம் செம்பருத்தியோ இட்லிப்பூவோ வைக்கலாம். சாலையோரம் கவாத்து செய்யும் ஆட்கள் கிளைகளை அங்கேயே குவித்துச் செல்வது பல ஊர்களில் வழக்கம். அன்றே அள்ளி, கால்நடை அண்டாத இடத்தில் ஆழக் குழிவெட்டிப் புதைக்கச் செய்ய வேண்டும். எரித்தல் கூடாது, புகையும் தீங்கானது. பால் தோலில் படாதபடி கையுறை அணிந்து வெட்டி, பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

மாடு உமிழ்நீர் ஒழுக்கி, கழிச்சல் கண்டு, தள்ளாடினால் கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காது கால்நடை மருத்துவரை உடனே அழைத்து, தின்ற இலையையும் காட்டுக. குழந்தை வாயில் வைத்திருப்பின், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.