மொன்றியலில் பாம்பு பார்க்கப் போகிறீர்களா?

ஏப்ரல் கடைசி, மே முதல் பாதிதான் சரியான காலம். குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்த பாம்புகள் வெயில் காய வெளியே வரும். மரங்களில் இலையும் அடர்ந்திருக்காது, கண்ணுக்குச் சட்டென்று படும். குளிர்ந்த இரவுக்குப் பிறகு வெயில் ஏறும் காலை பத்து, பதினொரு மணிக்குப் போங்கள். தெற்கு நோக்கிய சரிவு, கற்குவியல், பழைய ரயில்பாதை ஓரம், இவற்றையே பாருங்கள்.

உடல் நீளத்துக்கு மஞ்சள் கோடுகள் ஓடினால் அது கார்ட்டர் பாம்பு. ஒன்றை நாலைந்து சுற்றி நெளிந்தால் பயப்பட வேண்டாம், பெண்ணைத் தேடி வந்த ஆண்கள்தான். ஃபலேஸ் செயின்ட் ஜாக் சரிவில் அதிர்ஷ்டம் இருந்தால், சுமார் ஓரடி நீளமே உள்ள பழுப்புப் பாம்பு கிடைக்கும். புழுவும் நத்தையும் தின்கிற சாது. கியூபெக்கில் அது மொன்றியலை ஒட்டிய பகுதியில் மட்டுமே வாழ்கிறது.

நம் ஊர் விரியன் நினைப்பில் தடி எடுக்காதீர்கள். இங்கே காட்டில் விஷப்பாம்பு கிடையாது. அதற்காகக் கையிலும் பிடிக்க வேண்டாம். கார்ட்டர் பாம்பு பீய்ச்சும் நாற்றம் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. வீட்டுக்குத் தூக்கி வருவதோ சட்டப்படி குற்றம். கற்களைப் புரட்டாமல் நான்கைந்து அடி தள்ளி அசையாமல் நின்றாலே போதும்.

பாம்பைவிட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும், லைம் நோய் அதனால் வரும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் பிள்ளைகளின் தலையையும் தடவிப் பாருங்கள்.