அச்சுறுத்தலும் அவையும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்தெண்ணிய தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என்பார். காட்டில் புலியைக் கண்டவன் அஞ்சுவான். அவன் அஞ்சுவதை ஊரார் அறிய வேண்டும் என்னும் நோக்கம் புலிக்கு இல்லை. நான்காவதாகிய இறை, அஃதாவது ஆட்சி செலுத்தும் அதிகாரம், அறம் பிறழும்போது ஒருவனை ஒறுத்து ஓராயிரவரை அடக்க விழைகிறது. அங்கே ஒறுக்கப்படுபவன் செய்தி எழுதப்பட்ட ஓலை மட்டுமே. அதனைப் படிக்க வேண்டியவர்கள் சூழ நிற்போர். காண்போரும் கேட்போரும் இன்றி அச்சுறுத்தல் நிறைவு பெறுவதில்லை.

கயத்தாற்று அவை

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினியார் வசமாயிற்று. கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். உயிரைப் பறித்ததோடு கும்பினியார் அமையவில்லை; அவர் தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் நாட்டினர். இறந்தவர்க்கு அதனால் ஆவதொன்றில்லை. அஃது ஊரார்க்கு விடுத்த எச்சரிக்கை.

அவ்வாண்டு அக்டோபர் 16 ஆம் நாள் கட்டபொம்மனுக்கு விதித்த தண்டனையும் அவ்வாறே அமைந்தது. தளபதி பானர்மன் பாளையக்காரர்களைக் கயத்தாற்றுக்கு வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விசாரித்து, அவர்கள் காணவே தூக்கிலிட்டார். பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளை இடிக்க வேண்டும், படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும் என்னும் ஆணையும் பிறந்தது. முன்னது காட்சி, பின்னது அக்காட்சிக்கு உரை.

அவையின் மறுமொழி

ஆயினும் அவையைக் கூட்டியவர், அவ்வவை எதனைக் காணும் என்பதையும் தாமே வரையறுத்தல் இயலாது. கட்டபொம்மன் உறுதியான நடையோடு சென்றதையும், இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கியதையும் பானர்மனே தம் அறிக்கையில் எழுதினார். நடுக்கத்தைக் காட்ட அமைத்த மேடையில் நடுங்காமையே அரங்கேறியது.

அச்சுறுத்தல் முற்றிலும் தோற்றது என்று கூறுவது வரலாறு ஆகாது. பாளையக்காரர் பலர் அடங்கினர். சிலர் கும்பினியார்க்குத் துணையும் நின்றனர். ஆனால் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பியதும், இடிக்கப்பட்ட கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்தது. பலருடைய கைகள் கூடாமல் மண்சுவர் எழுமா? அவ்வாண்டு ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது முசல்மான்கள் உள்ளிட்ட பல சமூகத்தாரையும் விளித்து எழுதப்பட்டது. பொதுவிடத்தில் அச்சத்தை விதைத்தவர்க்குப் பொதுவிடத்திலேயே விடை கிடைத்தது.

அக்டோபரில் மருதிருவரும் நவம்பரில் ஊமைத்துரையும் மரண தண்டனைக்கு உள்ளாயினர். உயிர்கள் போயின, செய்தியின் பொருள் மட்டும் கும்பினியார் கையில் நிற்கவில்லை. கதைப்பாடல்கள் வழியே மக்கள் கயத்தாற்றை அடக்கத்தின் சான்றாக அன்றி வீரத்தின் சான்றாகவே நினைவில் வைத்தனர்.

நமக்குரிய பாடம்

அவையின் இவ்வாற்றல் அரசியலுக்கு மட்டும் உரியதன்று. விடுதியில் புதிய மாணவனை மிரட்டுபவன், சுற்றி நின்று சிரிப்போரை நம்பியே மிரட்டுகிறான். பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மிரட்டியவனை ஒறுக்கும். சிரிப்பை நிறுத்த வேண்டியவர்கள் சூழ நிற்போரே. செல்பேசியில் வந்த மிரட்டற் காட்சியை, 'ஐயோ பாவம்' என்று இரங்கியேனும் பத்துப் பேர்க்கு அனுப்புபவன், மிரட்டியவனுக்காகக் கூலியின்றி ஓலை சுமக்கிறான்.

'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தை அடுத்துக் 'கண்ணோட்டம்' அமைந்திருப்பது திருக்குறளின் அதிகார முறை. ஆள்வோர்க்குக் கூறிய அம்முறை காண்போர்க்கும் பொருந்தும். வெருட்டியவனையே பார்த்து நிற்கும் கண்கள் வெருட்டப்பட்டவன் பக்கம் திரும்புமாயின், அவன் தனியன் அல்லன் என்பதை இருவரும் அறிவர். மாணவச் செல்வங்கள் அவ்வாறு திரும்பும் கண்களைப் பெறுக.