சீர் கொண்டுபோகிற மாதிரி

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் கூடவே வந்த செலவுக் கணக்கும் கிடைத்தன. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், அம்மா மண்டபத்துப் பக்கம் பூக்கட்டி விற்கிறவர்கள் வீடுகளுக்குத் தீபாவளித் துணியும் பலகாரமும் கொடுக்க உன் கல்லூரிக் கூட்டாளிகள் கிளம்பியிருப்பதில் எனக்குச் சந்தோஷம். தீபாவளியைப் பிடித்துக்கொண்டதும் நல்ல யோசனை. பொங்கலுக்கு ரேஷன் கடை இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் இன்னும் நடக்கிறது. 2023-இல் அதோடு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஆயிரம் ரூபாய், ஒரு முழுக் கரும்பு. தீபாவளிக்கு அப்படி எதுவும் கிடையாது. கையில் காசு இல்லாத குறை அன்றைக்குத்தான் அதிகம் உறைக்கும்.

கணக்கில் 'மேடை, மைக், பேனர்' என்று ஒரு வரி பார்த்தேன். அதை அடித்துவிடு. சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி 4, தைப்பூசத்துக்கு முதல் நாள், வாணியம்பாடியில் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலை கொடுப்பதாகச் சொல்லி டோக்கனுக்குக் கூட்டம் சேர்த்தார். நெரிசலில் சிக்கி நான்கு பெண்கள் இறந்துபோனார்கள், எல்லோரும் வயதானவர்கள். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்கப் போய் இறந்தவர்கள் 42 பேர். கொடுக்கிறவர் ஓரிடத்தில் நின்றுகொண்டு வாங்குகிறவரை வரச் சொன்னால், வராவிட்டால் கிடைக்காதோ என்ற பயம் கிளம்பிவிடுகிறது. பயம் வந்த கூட்டத்தை எந்தக் கயிறும் தடுக்காது.

அதே தைப்பூசத்தன்று நம் ஊரில் என்ன நடக்கிறது? சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடம் ஆற்றங்கரைக்கு எழுந்தருள, அண்ணன் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் வீட்டிலிருந்து அவளுக்குச் சீர் போகிறது. பட்டுப்புடவை, மாலை, பழத்தட்டுகள், கூடவே மேளம். அவள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து வரிசையில் நிற்பதில்லை. அண்ணன் வீட்டார்தான் ஆற்றங்கரைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதானே? நீங்கள் கொடுக்கிற தீபாவளிப் பையையும் அப்படியே கொண்டுபோங்கள். பாலக்கரையோ ஓடத்துறையோ, இரண்டிரண்டு பேராகச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, டீ கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

வரிசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரமலான் மாதத்தில் திருச்சிப் பள்ளிவாசல்களில் சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கிறார்களே, அங்கே கடைக்காரரும் நிற்பார், அவர் கடையில் வேலை பார்க்கிறவரும் நிற்பார். ரங்கநாதர் கோயிலில் 2012-இலிருந்து நாள் முழுவதும் நடக்கிற அன்னதானப் பந்தியும் அப்படித்தான். யார் ஏழை என்று இலை போடுகிறவர் கேட்பதில்லை. ஏழைகளை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்துகிற வரிசையைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, நாள். நீ தீபாவளிக்கு முந்தின நாள் என்று குறித்திருக்கிறாய். அது போதாது. ரமலான் பெருநாளுக்கு முஸ்லிம்கள் கொடுக்கிற ஃபித்ரா தர்மத்தைப் பார். வீட்டில் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ தானியம், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அது பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் கைக்குப் போய்விட வேண்டும். தொழுகைக்குப் பிறகு கொடுத்தால் சாதாரண தர்மமாகத்தான் கணக்கு. மற்றவர் வீட்டில் அடுப்பு எரிகிற அதே காலையில் ஏழை வீட்டிலும் எரியவேண்டும் என்பதால் நாளையும் சேர்த்தே விதித்துவிட்டார்கள். தர்மத்தைப் பற்றி நான் படித்த விதிகளில் இவ்வளவு நடைமுறைத் தெளிவுள்ளது வேறில்லை. தீபாவளிக்கோ முறுக்குக்கு மாவு அரைக்க வேண்டும், ஜாக்கெட் தைக்க வேண்டும். தையல்காரரோ பத்து நாள் முன்பே கை விரித்துவிடுவார். ஆகவே குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போங்கள்.

பலகாரத்தை டப்பாவில் வாங்கித் தராதீர்கள். பச்சரிசி, உளுந்து, கடலைமாவு, வெல்லம், எண்ணெய் என்று கொடுங்கள். வாணலியில் எண்ணெய் காய்கிற வாசனை தெருவுக்கு வந்தால்தான் பிள்ளைகளுக்குத் தீபாவளி வந்த மாதிரி. எண்ணெய்க்குளியலுக்கு நல்லெண்ணெயும் சீயக்காயும் மறக்கவேண்டாம். உன் கணக்கில் மத்தாப்பு இருக்கிறது, இவை இல்லை.

துணிதான் சிக்கலான விஷயம். ஒரே நிறத்தில் மொத்தமாக எடுத்தால் மலிவு, ஆனால் தெருவில் நடக்கிற பிள்ளையைப் பார்த்ததும் 'தர்மத் துணி' என்று தெரிந்துவிடும். என்.எஸ்.பி. ரோட்டிலோ சின்னக்கடை வீதியிலோ ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், இது வேண்டாம் அது வேண்டும் என்று சண்டை போட்டு எடுக்கட்டும். இதே மாதிரி அமெரிக்காவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1979-இலிருந்து கிறிஸ்துமஸுக்கு 'ஏஞ்சல் மரம்' நடத்துகிறது. பிள்ளை கேட்டதைத் தேவதை வடிவச் சீட்டில் எழுதி மரத்தில் மாட்டுவார்கள். சீட்டை எடுத்தவர் வாங்கித் தருவார். பொதுவாக அந்தப் பொருளைப் பொதியாமலே பெற்றோரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பொதிந்து பிள்ளையிடம் நீட்டுவது அப்பா அம்மாவின் வேலை. பிள்ளையைப் பொறுத்தவரை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான். உன் கூட்டாளிகளுக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம், பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்கக் கிடைக்காது. பார்க்கவேண்டாம். போட்டோவும் வேண்டாம், பணம் கொடுத்தவர்கள் கேட்டால் கடை ரசீதைக் காட்டுங்கள்.

பட்டியல் நோட்டில் பெயர், பிள்ளைகளின் வயது, வீட்டு அடையாளம் என்று கட்டம் போட்டிருக்கிறாய். 'எந்தப் பண்டிகை' என்று இன்னொரு கட்டம் சேர். மார்க்கெட் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடுகளும் பெருநாள் கொண்டாடுகிற வீடுகளும் உண்டு. அவர்கள் பங்கைத் தனியாக எடுத்துவைத்து, அவரவர் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் போங்கள். வங்கிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் தொடங்குங்கள். என் பங்கை இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா