பூனை வளர்ப்போர் அறிய வேண்டியவை

வீட்டிலே பூனை வளர்ப்போர் ஆலிம்களிடம் வந்து கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். பூனை வாய் வைத்த தண்ணீரில் ஒளுச் செய்யலாமா, அதன் ரோமம் ஒட்டிய உடையோடு தொழலாமா, முஸல்லாவில் அது படுத்து எழுந்தால் கழுவ வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். எல்லாம் சுத்தத்தைப் பற்றிய கேள்விகள். அதற்கு உணவளிப்பது என் மீது கடமையா, ஊரை விட்டுப் போகும்போது அதை என்ன செய்வது என்று கேட்பவர் அரிது. ஆனால் மார்க்கத்தில் முன்னதன் சட்டம் இலேசானது; பின்னதன் சட்டமோ கனமானது.

முதலில் சுத்தத்தின் விஷயத்தைப் பார்ப்போம். அபூ கதாதா (ரலி) அவர்கள் தம் மருமகள் கப்ஷா அவர்களின் வீட்டுக்கு வந்தார்கள். கப்ஷா ஒளுவுக்குத் தண்ணீர் வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்து அதில் வாய் வைக்க முற்பட்டது. அபூ கதாதா அதை விரட்டவில்லை. அது குடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வரும் ஆண், பெண்களைச் சேர்ந்தது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ, நஸயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது.

இங்கே ‘சுற்றி வருவோர்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. சூரத்துந் நூர் 58-வது ஆயத்தில், மூன்று நேரங்களில் மட்டும் அனுமதி கேட்டு அறைக்குள் வர வேண்டிய சிறுவரையும் பணியாளரையும் பற்றிக் கூறும்போது, மற்ற நேரங்களில் அவர்கள் உங்களைச் சுற்றி வருவோர் என்றே அல்லாஹ் குறிப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் அவர்களைத் தடுப்பது சிரமம் என்பதால் அங்கே சலுகை அளிக்கப்பட்டது. பூனையைக் கதவடைத்துத் தடுப்பதும் அப்படியே சிரமம் என்பதால் இங்கும் சலுகை. வேலையாளும் பிள்ளையும் போன்று அதுவும் வீட்டோடு இருக்கிற ஒன்று என்ற கருத்து அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டிலும் இது நடந்தது. ஒரு பெண்மணி அவர்களுக்கு ஹரீஸா கொண்டு வந்தபோது அன்னையவர்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். கீழே வைக்குமாறு சைகை காட்டினார்கள். பூனை வந்து அதில் கொஞ்சம் தின்றது. தொழுது முடித்த அன்னையவர்கள், பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார்கள். அபூதாவூதில் இது உள்ளது.

ஆகவே ஷாபியீ மத்ஹபில் பூனையின் உடலும் எச்சிலும் வியர்வையும் சுத்தமானவை. ஹனஃபீ மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அது குடித்த மீதியைப் பயன்படுத்துவது மக்ரூஹ். அதுவும் இலேசான மக்ரூஹ்தான். எலியைக் கவ்விய வாயோடு நம் கண் முன்னால் வந்து இரண்டு குல்லத்துக்கும் குறைந்த, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்கும் குறைந்த, தண்ணீரில் வாய் வைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் நஜீஸாகும். ஆனால் அது கண்ணுக்கு மறைந்து எங்கேனும் குளத்திலோ வாய்க்காலிலோ வாய் நனைத்திருக்கக் கூடிய அளவு நேரம் கழிந்து வந்தால், தண்ணீருக்குப் பழுதில்லை. அதன் பின்னே ஒற்றனைப் போலத் திரிய வேண்டியதில்லை.

அதன் மூத்திரமும் மலமும் நஜீஸ் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நாய்க்குரிய சட்டத்தைப் பூனைக்கும் கொண்டுவந்து, ஏழு தடவை மண் கலந்து கழுவுவோரை நாம் பார்த்திருக்கிறோம். அது தேவையில்லை. அசுத்தத்தை நீக்கி, நிறமும் வாடையும் போகத் தண்ணீர் ஊற்றினால் போதும். உதிர்ந்த ரோமம் ஷாபியீ மத்ஹபின்படி நஜீஸ்; சொற்பமானது மன்னிக்கப்படும். ஹனஃபீ மத்ஹபில் அது சுத்தமே. தொழுகை உடையைத் தனியே கொடியில் போடுவதும் முஸல்லாவை உதறிச் சுருட்டி உயரத்தில் வைப்பதும் பழகிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. தொழுபவரின் முன்னால் பூனை நடந்தால் தொழுகை முறியாது.

சுத்தத்தின் சட்டம் இவ்வளவுதான். இனிக் கனமான பகுதிக்கு வருவோம்.

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அவள் அதை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. அடைத்து வைத்தாள், உணவும் நீரும் கொடுக்கவில்லை, பூமியின் புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்ன விடவும் இல்லை. அது செத்தது. இதிலிருந்து இரண்டு வழிகள் தெளிவாகின்றன. ஒன்று, கொடுத்து வளர்ப்பது. இல்லையேல், அது தேடித் தின்னும்படி விடுவது. கதவை மூடிய கணமே முதல் வழி நம் மீது கடமையாகிவிடுகிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தனக்குரிய பிராணிகளுக்குத் தீனியும் தண்ணீரும் அளிப்பது உடைமையாளர் மீது கடமை என்று வருகிறது. மறுத்தால், விற்கவோ தீனி கொடுக்கவோ அதிகாரத்திலுள்ளவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பூனைகள் இருந்து வருகின்றன. வாங்கியது ஒன்றுகூட இல்லை. மழையில் சாக்கடையோரம் கிடந்தது ஒன்று. வண்டியில் அடிபட்டுக் கால் ஒடிந்தது ஒன்று. தானே வந்து திண்ணையில் குடியேறியவை மற்றவை. திண்ணையில் வந்து போகும் பூனைக்கு நாம் வைப்பது ஸதகா. உயிருள்ள எதற்கு உதவினாலும் நற்கூலி உண்டு என்பது நாயகவாக்கு. ஆனால் கால் ஒடிந்ததை உள்ளே எடுத்து, ஓடவும் எலி பிடிக்கவும் இயலாத நிலையில் வைத்துக்கொண்டோமே, அதற்கு வைப்பது ஸதகா அல்ல, கடமை. மீன் விலை ஏறிய மாதத்திலும் அது கடமையே. இந்த வேறுபாட்டை அடுத்த வீட்டு லாத்தா ஒருவர் கேட்டுவிட்டு, “அப்ப நான் வாசலோட நிறுத்திக்கிறேன்” என்றார். அதுவும் சரியான முடிவுதான். தாங்க இயலாத பொறுப்பை இரக்கத்தின் பேரில் ஏற்பது மார்க்கம் கேட்கும் காரியமல்ல.

பூனை வளர்ப்போர் பலர் இடறுவது குட்டிகளின் விஷயத்தில். பூனையின் சினைக்காலம் சுமார் 65 நாட்கள். ஓராண்டில் பல ஈற்றுகள் போடும். கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன்கடைப் பக்கம் விட்டுவிட்டு, “பிழைத்துக்கொள்ளும்” என்கிறார்கள். பிழைக்காது. தாய்ப்பாலை விட்டுத் தானே தின்னக் குட்டிக்கு 8 வாரமாவது வேண்டும். பால் மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பது கூடாது எனப் பத்ஹுல் முயீன் கூறுகிறது. விற்பதே கூடாதெனில் வீதியில் எறிவதைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அந்தப் பெண் செய்ததும் இதுவும் ஒன்றே. அவள் கதவை மூடினாள், நாம் சாக்கை மூடுகிறோம். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் கருத்தடை செய்யலாமா? உண்ண ஆகாத பிராணியின் விதையடிப்பதை நம் முன்னோர் நூல்கள் தடுத்துள்ளன. மயக்க மருந்து கொடுத்து வேதனையின்றிச் செய்யும் இக்காலச் சிகிச்சையை, பெருக்கத்தால் சிரமம் இருக்குமானால் அனுமதிக்கும் ஆலிம்களும் உள்ளனர். தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும். சாக்கை விட அது மேல் என்பது நம் எண்ணம்.

பூனை பிறருக்குச் செய்யும் நஷ்டமும் வளர்ப்பவரைச் சாரும். கோழிக்குஞ்சைப் பிடிப்பது, சட்டியைக் கவிழ்ப்பது எனப் பழகிப்போன பூனையாயின், இரவானாலும் பகலானாலும் உடைமையாளர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது மின்ஹாஜின் சட்டம். நஷ்டப்பட்டவரும் அது பாயும்போது இலேசான முறையில் தடுக்கலாமே ஒழிய, சும்மா கிடக்கும்போது கொல்லலாகாது. மீனில் விஷம் வைப்போர் இதைக் கவனிக்கட்டும்.

பூனைப் பிரியர்கள் சொல்லும் இரண்டு செய்திகளையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்பது இட்டுக்கட்டப்பட்ட ஹதீது. முல்லா அலீ காரீ போன்றோர் இதை எடுத்துக்காட்டியுள்ளனர். உறங்கும் பூனையை எழுப்பாமல் சட்டைக் கையை வெட்டிய நிகழ்ச்சி, நபிகளாரைப் பற்றி ஹதீது நூல்களில் இல்லை. அது ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் ஷைகு அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சரித்திர நூல்களில் வருவது. மெய்யான செய்திகளே நமக்குப் போதுமே! ஆடு மேய்க்கையில் ஒரு குட்டிப்பூனையைப் பகலில் உடன்கொண்டு சென்று இரவில் மரத்தில் விட்டுவைத்ததால் தமக்கு அபூ ஹுரைரா எனப் பெயர் வந்ததாக அவர்களே கூறியது திர்மிதீயில் இருக்கிறது.

தெருப்பூனைகளின் பாரத்தை ஒரு வீடு மட்டும் சுமக்க இயலாது என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். கெய்ரோவில் சுல்தான் பைபர்ஸ் தம் பள்ளிவாசல் அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக விட்டுச்சென்றார் என்பது அவ்வூரார் வழங்கிய செய்தி. 1836-ல் எகிப்தியர் வாழ்க்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன் இதைக் குறித்துள்ளார். அவர் காலத்தில் தோட்டம் கைமாறிப் போய், சொற்ப வாடகையே மிஞ்சியிருந்தது. ஆயினும் காஜியார் தம் செலவில் அஸருக்குப் பின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவிடச் செய்தார். (பைபர்ஸும் இமாம் நவவீயும் மறைந்தது 1277 என்ற ஒரே ஆண்டில்தான்.)

நம் ஊர்களில் குடும்பத்தோடு அரபு நாடு போவோர் வீட்டைப் பூட்டிச் செல்கிறார்கள். வருடக்கணக்கில் உள்ளே தின்று பழகிய பூனை பூட்டிய கதவின் முன்னால் கிடக்கும். இவர்கள் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே, மனமுவந்து ஏற்பவரைத் தேடி ஒப்படைக்க வேண்டும். விலை பேசாமல் கொடுப்பது சிறப்பு. பூனையின் விலையை வெறுத்து முஸ்லிமில் ஹதீது வந்துள்ளது. ஏற்பவர் கிடைக்காவிட்டால், சாவியை ஒப்படைக்கும் அண்டை வீட்டாரிடமே மாதத் தீனிக்கான பணத்தையும் கொடுத்து, அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும்.