கால்க்கில் ஒரு பாடம்: சிகிச்சைக்கு வராமல் போனவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் முதலில் போடுவது வீட்டு வரவு செலவுக் கணக்குதான். இந்த மாதம் கொஞ்சம் கனமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போமா?

சென்ற ஆண்டு, அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்று ரிப்போர்ட் வந்தது. ஹார்மோன் சுரக்கும் ஒருவகை நரம்புசார் செல்களை ஒத்த புற்றுநோய் இது. மெதுவாக வளரும் வகையும் இதன் உறவில் உண்டு. ஸ்டீவ் ஜாப்சுக்கு 2003-ல் கண்டறியப்பட்டது அப்படிப்பட்ட கட்டி. அவர் 2011 வரை வாழ்ந்தார். பெரியப்பாவுக்கு வந்ததோ வேகமான வகை. அண்ணன் இன்டர்நெட்டில் தேடி "11 மாதம்" என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்படி ஓர் எண் எப்படி வருகிறது?

கால்க்கைத் திறந்து முதல் வரிசையில் மாதம், கண்காணிப்பில் உள்ளவர், இறந்தவர், வராதவர், உயிரோடிருக்கும் விகிதம் என ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். (செல் பெயர்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம், நீங்கள் ஆங்கில எழுத்துகளில் கொடுக்கவும்.) கற்பனையாக 10 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் மாதம் 2 பேர் இறக்கிறார்கள். 5-ஆம் மாதத்துக்குப் பிறகு 2 பேர் மருத்துவமனைக்கு வரவில்லை. 8-ஆம் மாதம் 3 பேர் இறக்கிறார்கள்.

இரண்டாவது வரிசையில் 3, 10, 2, 0 என்று கொடுத்து, இ2-ல் =(பி2-சி2)/பி2 என்று அடியுங்கள். 0.8 வரும். மூன்றாவது வரிசையில் மாதம் 5, இறந்தவர் 0, வராதவர் 2. பி3-ல் =பி2-சி2-டி2; இ3-ல் =இ2*(பி3-சி3)/பி3. இந்த இரண்டு பார்முலாக்களையும் அடுத்த வரிசைக்குக் காப்பி செய்து, அங்கே மாதம் 8, இறந்தவர் 3, வராதவர் 0 என்று கொடுங்கள். இ4-ல் 0.4, அதாவது 40 சதவீதம்.

வராத இருவரும் வந்த காலம் வரை கணக்கில் இருந்தார்கள். பிறகு, இறந்தவர் பட்டியலில் சேராமல் விலகிக்கொண்டார்கள். இதுதான் கேப்ளான்-மையர் முறை. எட்வர்ட் கேப்ளானும் பால் மையரும் 1958-ல் வெளியிட்டது. இதில் கேப்ளான் டாக்டர் அல்ல! பெல் ஆய்வகத்தில், கடலடித் தொலைபேசிக் கேபிளில் வைக்கும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

விகிதம் பாதிக்கு இறங்கும் மாதமே இடைநிலை உயிர்வாழ்காலம். நம் அட்டவணையில் அது 8. அண்ணன் பிடித்த 11, நார்டிக் நாடுகளில் 305 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் (2013) கீமோதெரபி பெற்றவர்களுக்கு வந்த எண். பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்றும் அதற்குப் பொருள். எல்லோருக்கும் ஒரே எண்ணும் இல்லை. எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மருந்து குறைவாகவே கேட்டது. ஆனாலும் அவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள், 10 மாதத்துக்கு எதிராக 14 மாதம். நோயாளியின் உடல் தெம்பு, ரத்தத்தில் பிளேட்லெட், எல்டிஹெச் அளவுகள் ஆகியவையும் முன்கணிப்புக்கு உதவின. பெரியப்பாவின் பைலில் இவை இருக்கின்றனவா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

இப்போது சிக்கலான இடம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து சிகிச்சைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் பஸ் செலவாலும் வயல் வேலையாலும் நின்றுவிடுவது உண்டு. மக்காச்சோள அறுவடையின்போது பெரியப்பாவும் இரண்டு முறை போகவில்லை. ஆள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, ரிஜிஸ்டரில் அவர் 'வராதவர்'. ஆனால் வராத இன்னொருவர், நடக்க முடியாததால் நின்று, வீட்டிலேயே இறந்திருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981-ல் தொடங்கிய சென்னைப் பதிவேட்டினர் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டும், வீடு தேடிப் போயும் விசாரித்தார்கள்.

சி3-ல் 2, டி3-ல் 0 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். இ4 இப்போது 0.3.